ஜாவா ஆர்எம்ஐ: கைக்கு வருவது நகலா, ஸ்டப்பா?

சர்வரில் உருவாகும் ஆப்ஜெக்டைக் கிளையன்டிடம் ஒப்படைக்க, ஜேடிகே 1.1 வெளிவந்த 1997-இலிருந்து ஜாவாவோடு கூடவே வருவது ஆர்எம்ஐ (ரிமோட் மெத்தட் இன்வகேஷன்: வேறொரு ஜாவா நிரலில் இருக்கும் ஆப்ஜெக்டின் மெத்தடை அழைக்கும் வழி). இரு முனையிலும் ஜாவா என்றால் இன்றும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் திரும்பி வருவது நகலா, ஸ்டப்பா (அழைப்புகளைச் சர்வரிலுள்ள மூல ஆப்ஜெக்டுக்கு அனுப்பிவைக்கும் பதிலாள்) என்பது மெத்தட் அறிவிப்பைப் பார்த்தால் தெரியாது. வில்லங்கம் முழுக்க அங்கேதான்.

ரிமோட் வகை ஆப்ஜெக்ட் எக்ஸ்போர்ட் ஆகியிருந்தால், அதாவது வெளி அழைப்புகளை ஏற்கத் தயாராக வைக்கப்பட்டிருந்தால், ஸ்டப் போகும். ஆகாவிட்டால் ஆப்ஜெக்டே சீரியலைஸ் ஆகும் (பைட்டுகளாக மாறி நகலாகப் போகும்). சீரியலைசபிள் இல்லாத கிளாஸ் என்றால் நாட்சீரியலைசபிள்எக்ஸெப்ஷன் வந்து குட்டை உடைத்துவிடும், அது நல்லதுதான். சீரியலைசபிளையும் சேர்த்து எழுதியிருந்தால் சத்தமில்லாமல் நகல் போய்விடும். கிளையன்ட் எதை மாற்றினாலும் சர்வரில் ஒன்றும் அசையாது.

ரெஜிஸ்ட்ரியில் (கிளையன்ட் பெயர் சொல்லித் தேடும் பதிவேடு, இயல்புநிலை போர்ட் 1099) ஒரே ஒரு ஃபேக்டரியை மட்டும் பதிந்தால் போதும். அதன் மெத்தட் புது ஆப்ஜெக்டை உருவாக்கி, யூனிகாஸ்ட்ரிமோட்ஆப்ஜெக்டின் எக்ஸ்போர்ட்ஆப்ஜெக்டுக்கு அனுப்பிவிட்டு ரிட்டர்ன் செய்யட்டும். போர்ட் எண்ணாக 0 கொடுத்தால் ஏதோ ஒரு போர்ட் கிடைக்கும், ஃபயர்வால் மறிக்கக்கூடும். நிலையான எண்ணே கொடுங்கள். லுக்அப் சரியாக நடந்து, அடுத்த அழைப்பில் 127.0.0.1-க்கு இணைப்பு மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால், ஸ்டப்புக்குள் தவறான முகவரி உட்கார்ந்திருக்கிறது. ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம் என்ற ப்ராப்பர்ட்டியைச் சர்வர் பக்கம், எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்பே அமைக்க வேண்டும்.

மெச்சத்தக்கது ஆயுள் நிர்வாகம். கிளையன்டிடம் ஸ்டப் இருக்கும்வரை லீஸ் (ஆப்ஜெக்டைச் சர்வர் உயிரோடு வைத்திருக்கும் தவணைக்காலம்) தானாகப் புதுப்பிக்கப்படும். இயல்புநிலை 10 நிமிடம், பாதிக்காலம் கடந்ததுமே புதுப்பிப்பு போய்விடும். கிளையன்ட் செத்துப்போனால் லீஸ் முடிந்ததும் சர்வர் கைவிடும். இதே வேலைக்கு மைக்ரோசாஃப்டிடம் இருந்த பழைய டாட்நெட் ரிமோட்டிங்கில் இயல்புநிலை 5 நிமிடம். கிளையன்ட் சும்மா இருந்தால் ஆப்ஜெக்ட் காணாமல் போகும். அந்தத் தொல்லை இங்கே இல்லை. ஆகவே கொடுத்த ஆப்ஜெக்டையெல்லாம் 'பத்திரமாக' ஒரு ஹேஷ்மேப்பில் போட்டுவைக்காதீர்கள்: லீஸ் முடிந்தாலும் மெமரி விடுபடாது. போட்டே ஆக வேண்டுமானால் எந்தக் கிளையன்டும் இனி வைத்திருக்கவில்லை என்று தெரிவிக்கும் அன்ரெஃபரன்ஸ்ட் இன்டர்ஃபேஸை எழுதி, அங்கே நீக்குங்கள். ஃபேக்டரிக்கும் ரெஜிஸ்ட்ரிக்கும் மட்டும் ஸ்டாடிக் மாறி வேண்டும். இல்லாவிட்டால் குப்பை சேகரிப்பு அள்ளிக்கொண்டு போய், கிளையன்டுக்கு நோசச்ஆப்ஜெக்ட்எக்ஸெப்ஷன் வரலாம்.

வேகத்தில் மதிப்பெண் குறைவு. ஸ்டப் வழியாக அழைக்கும் ஒவ்வொரு கெட்டரும் (ஒரு புலத்தின் மதிப்பைத் தரும் மெத்தட்) ஒரு நெட்வொர்க் பயணம். 20 புலங்களைத் திரையில் காட்ட 20 பயணம். படிக்க மட்டுமான தரவை நகலாகவும், நிலை மாறுவதை ஸ்டப்பாகவும் பிரித்துக் கொடுங்கள்.

பலரும் இடறுவது கடைசியில். கிளையன்ட் அதே ஸ்டப்பைச் சர்வருக்குத் திருப்பி அனுப்பினால், சர்வருக்கு வருவதும் ஸ்டப்தான், மூல ஆப்ஜெக்ட் அல்ல. இம்ப்ளிமென்டேஷன் கிளாஸுக்கு காஸ்ட் செய்தால் கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன். அப்படி ஒரு தேவை இருந்தால் ஸ்டப்பை விட்டுவிட்டு அடையாள எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண்ணுக்கான மேப்பில் வீக்ரெஃபரன்ஸ் (குப்பை சேகரிப்பைத் தடுக்காத சுட்டு) வையுங்கள்.