லைட் எரியுது சார் என்றால் நம்பிவிடாதீர்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கம் வீட்டுக்கு வயர்லெஸ் திருட்டு அலாரம் போட்டு ஏ.எம்.சி. (வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கடை பேர் வேண்டாம், புகார் போகிறது.

எங்கள் வீடு ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம். முன்பக்கம் புதுசு, பின்னால் ஸ்டோர் ரூம் மட்டும் அப்பா கட்டிய கருங்கல் சுவர். வருடத்துக்கு 3,500 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தம்பி வருவார், சென்சாரைத் துணியால் துடைப்பார், பின்கதவைத் திறந்து மூடி "பாருங்க சார், லைட் எரியுது" என்பார், நானும் டீ கொடுத்து கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

போன மாதம் தர்மபுரியில் ஒரு கல்யாணம், ஒரு ராத்திரி வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தால் பின்கதவுத் தாழ்ப்பாளை நெம்பியிருக்கிறார்கள். பாட்டி காலத்துப் பித்தளை அண்டா இரண்டு, ஒரு கேஸ் சிலிண்டர், போச்சு. சைரன் மூச்சு விடவில்லை, போனுக்கும் அழைப்பு வரவில்லை.

ஓசூரில் இதே தொழில் செய்யும் மச்சான் வந்து பார்த்தான். என்னை ஹாலில் பேனல் (சென்சார் சிக்னலை வாங்கி சைரனை அடிக்க வைக்கும் பெட்டி) பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுப் பின்கதவைத் திறந்தான். "மாமா, இங்க லைட் எரியுது, அங்க?" அங்கே ஒன்றுமே இல்லை. இந்த மாதிரி விலை குறைந்த சென்சார் சிக்னலை அனுப்பத்தான் அனுப்புமாம், பேனலுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அதற்கே தெரியாது. லைட் எரிந்தால் அனுப்பியது என்று அர்த்தம், அவ்வளவுதான். நடுவில் கருங்கல் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ, பேட்டரி வேறு போட்ட நாளிலிருந்து மாற்றவே இல்லை. வருடக்கணக்காக எனக்கு அந்த லைட்டைத்தான் காட்டியிருக்கிறார்கள்!

சரி, ஸ்டோர் ரூமில் ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் பி.ஐ.ஆர். சென்சார் ஒன்று இருக்கிறதே, அது ஏன் கத்தவில்லை? அந்த ஸோனையே, அதாவது அந்த சென்சார் இருக்கும் பகுதியையே, பைபாஸில் போட்டு வைத்திருந்தார்கள், அங்கே என்ன நடந்தாலும் பேனல் கண்டுகொள்ளாது. மேற்கு ஜன்னலைப் பார்த்து மாட்டியிருந்ததால் சாயங்கால வெயிலில் சும்மா சும்மா அலறும், நான் சொன்னதும் "சரி பண்ணிட்டேன் சார்" என்றார் அந்தத் தம்பி. உடம்புச் சூடு நகர்வதை வைத்து வேலை செய்கிற சாமான் அது, ஜன்னலுக்கு முதுகு காட்டி, ஏழடி உயரத்தில், வருகிறவன் குறுக்கே கடக்கிற மாதிரி மூலையில் திருப்பி மாட்டினால் தீர்ந்தது. அதற்கு ஏணி வேண்டும், பைபாஸுக்கு ரெண்டு பட்டன் போதும். பேனல் பேட்டரி உப்பிப் போயிருந்தது, உள்ளே இருந்த சிம்முக்கு வேலிடிட்டி முடிந்திருந்தது (இது என் தப்பும்தான், ரீசார்ஜ் நான்தான் பார்க்க வேண்டும்).

அதனால் சர்வீஸுக்கு ஆள் வந்தால் அலாரத்தை ஆன் செய்யச் சொல்லி, ஒவ்வொரு கதவாகத் திறந்து சைரன் அலறுகிறதா பாருங்கள், பக்கத்து வீட்டார் திட்டினாலும் பரவாயில்லை. கரண்டைப் பிடுங்கிவிட்டு இன்னொரு தடவை. உங்கள் போன் அடித்த பிறகு கையெழுத்து.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடைக்காரர் இன்னும் "பேட்டரி ஏ.எம்.சி.யில வராது சார்" என்கிறார். பைபாஸைப் பற்றிக் கேட்டதும் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் போட்டார். 'எல்லா சென்சாரும் ஓகே', கீழே என் கையெழுத்து, வரிசையாக நான்கு.