சைக்கிள் பேக் தைக்க ஆன்லைன்ல துணி வாங்குறவங்க படிங்க, 18,400 ரூபா போச்சு

கோவத்துலதான் எழுதுறேன், முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க. வாங்குறப்ப என்னென்ன பாக்கணும்னு கடைசில சொல்றேன்.

காரைக்குடில வீட்லயே சைக்கிள் பேக் தைக்கிறேன். ஃப்ரேம் பேக், ஹேண்டில்பார் பேக், சீட்டுக்கு அடியில மாட்டுறது எல்லாம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஃப்ரேம் கம்பிகளுக்கு நடுவுல இருக்குற முக்கோணம் வேற அளவு, அதனால அட்டைய ஃப்ரேம்ல வச்சு உள்பக்கத்த வரைஞ்சு வெட்டி, பாட்டிலுக்கு இடம் விட்டு, மிதிக்கிறப்ப முட்டி இடிக்காத அகலத்துல தைக்கணும். ஓரத்துக்கு பைப்பிங் எங்க ஆத்தாதான் பிடிச்சுத் தர்றாங்க. இதுல துணிதான் உசிரு, எனக்கு வேண்டியது 1000 டீனியர் நைலான். 1000 டீனியர்னா 9000 மீட்டர் நூல் 1000 கிராம் எடை, அவ்ளோ கனமான நைலான் நூல்ல நெய்றதால ஃப்ரேம்ல உரசிக்கிட்டே இருந்தாலும் சீக்கிரம் நைஞ்சு போகாது. நம்ம ஊர்ல கண்டாங்கி சேலை எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம், இந்தத் துணிக்கு நான் கேட்ட கடைல எல்லாம் கைய விரிச்சுட்டாங்க.

அப்படித்தான் ஒரு ஆன்லைன் பேஜ்கிட்ட போனேன். போட்டோ போட்டு வாட்ஸப்ல ஆர்டர் எடுக்குற டைப், பேரு போடல. அந்த ஆளு முதல்ல "எந்த ஊருண்ணே"ன்னு கேட்டான், காரைக்குடின்னதும் "அட, எங்க அம்மா ஊரு தேவகோட்டைண்ணே, ஊருக்கு வந்தா பிள்ளையார்பட்டி போகாம திரும்ப மாட்டோம்"னான். அப்பறம் ஒரு வீடியோ, துணிய ரெண்டு கையால ஏந்தி தண்ணிய ஊத்துறான், கீழ ஒரு சொட்டு விழல. ஜிப்ப இழுத்துக் காட்டினான், பக்கிள டக்குன்னு மாட்டிக் காட்டினான். நான் கேக்காமலே "பிடிக்கலைன்னா ரிட்டர்ன் எடுத்துக்குறேன், நம்ம ஊர்க்காரருக்குப் போயி மாத்தி அனுப்புவனாண்ணே"ன்னான். அந்த வார்த்தைய நம்பித்தான் 18,400 ரூபாயும் ஒரே தடவைல யுபிஐல போட்டேன்.

பார்சல் வந்துச்சு. துணிய தொட்டதுமே பகீர்னு ஆச்சு. ஸ்கூல் பைக்கு உள்ள லைனிங் போடுவாங்களே, அந்தத் துணி. உள்பக்கப் பூச்சு மடிச்ச எடத்துல எல்லாம் வெள்ளைக் கோடு விழுந்து, நகத்தால சுரண்டினா செதில் செதிலா வருது. ஓரத்துல ஒரு நூல உருவி தீக்குச்சி காட்டினேன், கரும்புகையா கக்கி கறுப்பு உருண்டையா சுருண்டுக்கிச்சு. பாலியஸ்டர். நைலான் இப்படி கரும்புகை விடாது. வாட்டர்ப்ரூஃப் ஜிப்புன்னு கொடுத்ததுல மேல இருக்குற ஃபிலிம் சும்மா இழுத்துப் பாத்ததுக்கே மூலைல கிளம்பிடுச்சு. பக்கிள் ஒண்ணு கையில மாட்டும்போதே பல்லு ஒடைஞ்சு விழுந்துச்சு. இதுக்குத்தான் 18,400 ரூபா.

போன் பண்ணா "லாட் மாறிருக்கும்ணே, குடோன்ல கேட்டுச் சொல்றேன்". மறுபடி பண்ணா "ஓனர் வெளியூர்ல இருக்காரு". அப்பறம் வேற ஒருத்தன் எடுத்து, "சார், கட் பண்ண துணிக்கு ரிட்டர்ன் கிடையாது". நான் கத்திரி வைக்கவே இல்லய்யா, உருவினது ஒத்த நூலு! அண்ணே எல்லாம் போயி சார் ஆயிட்டேன். அந்த வீடியோவயே திருப்பி அனுப்பி இந்தத் துணி எங்கன்னு கேட்டேன், "அது டிஸ்ப்ளே பீஸ் சார்"னு பதில். நேத்து ராத்திரியோட ப்ளாக் பண்ணிட்டான்.

ராமேஸ்வரம் வரைக்கும் சைக்கிள்ல போற ஒரு தம்பிக்கு ஃப்ரேம் பேக் வாக்கு கொடுத்திருக்கேன். நல்ல துணிலயே ஊசி ஓட்டை வழியா தண்ணி எறங்கும், அதுக்கே தையல் மேல டேப் ஒட்டணும். இந்தத் துணில தைச்சா அவன் போனு, பணம் எல்லாம் முதல் மழைலயே நனைஞ்சுரும். தைச்சுக் கொடுக்க எனக்கு மனசு வராது.

சரி, சொல்றேன்னதச் சொல்லிடுறேன். முதல்ல கையளவு சாம்பிள் காசு கொடுத்தாவது வாங்குங்க, நூல எரிச்சுப் பாருங்க. முழுப் பணத்த முன்னாடியே போடாதீங்க. ரிட்டர்ன் உண்டுன்னா எழுத்துல வாங்குங்க, பில் கேளுங்க. பார்சல் பிரிக்கிறத வீடியோ எடுங்க. பணம் போயிருச்சுன்னா தாமதிக்காம சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் 1930ல பதிஞ்சுட்டேன், இன்னும் பதில் வரல.

நல்ல 1000 டீனியர் நைலான மீட்டர் கணக்குல, நேர்ல தொட்டுப் பாத்து வாங்குற மாதிரி கடை மதுரை, திருச்சி பக்கம் தெரிஞ்சா சொல்லுங்க, பஸ் ஏறி வந்து வாங்கிக்கிறேன். அந்தத் தம்பி கிளம்புற நாள் நெருங்குது.