சின்ன ஊரில் குடும்ப டாக்டர்: தனி ஆளா, கூட்டு கிளினிக்கா, போனிலா?

சின்ன ஊருக்குக் குடிபோனதும் வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்துவிடுவோம். டாக்டரை மட்டும் காய்ச்சல் வந்த அன்றைக்குத்தான் தேடுவோம். யாரைக் கேட்டாலும் "அவர் கைராசிக்காரர்" என்று ஒருவரைக் கைகாட்டுவார்கள். சளியும் காய்ச்சலும் பெரும்பாலும் தானாகவே ஒரு வாரத்தில் போய்விடும். அந்தப் புகழ் கடைசியாக மாத்திரை கொடுத்தவருக்குப் போய்ச் சேரும். அதனால் கைராசியைத் தள்ளிவைத்துவிட்டு, ஊரில் கிடைக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பல வருஷமாக ஒரே இடத்தில் தனியாக கிளினிக் நடத்துகிறவர். இவருடைய பலம், உங்களைத் தெரியும் என்பதுதான். இதைச் சும்மா பழகிய பாசம் என்று ஒதுக்கிவிட முடியாது. நார்வேயில் 2001-லிருந்து ஒவ்வொருவரும் தனக்கென ஒரு பொதுநல டாக்டரிடம் பதிவுசெய்துகொள்ளலாம். அங்கே சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை அலசிப் பார்த்தார்கள். ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷமே பழகியவர்களைவிட இறப்பு ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில் சேர்வதும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைவு. பழக்கம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான்; ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப்போகிற எண் இல்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். அப்பாவை வழக்கமான ரத்த அழுத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தேன். டாக்டர் இன்னும் கருவியைக்கூடக் கையில் எடுக்கவில்லை. கதவருகே நின்று அப்பாவைப் பார்த்தார். "நீங்க நாற்காலியில சாயவே மாட்டீங்களே, இன்னைக்கு என்ன?" என்றார். அப்பா "ஒண்ணுமில்ல டாக்டர், லேசா அசதி" என்றார். டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளே வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியிருந்தது. வயிற்றில் எங்கோ ரத்தம் கசியலாம் என்று அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கசிவு இருந்தது. முதல்முறை பார்க்கிற எந்தக் கெட்டிக்கார டாக்டருக்கும், அப்பா நாற்காலியில் சாயாத ஆள் என்று தெரிந்திருக்காது.

சரி, குறைகள்? அவர் ஊரில் இல்லை என்றால் உங்கள் மருத்துவ வரலாறும் ஊரில் இல்லை. பாதி அவர் தலைக்குள் இருக்கும், மீதி அவருக்கு மட்டுமே புரியும் கையெழுத்தில் இருக்கும். அப்புறம், அனுபவம் கூடக் கூடத் தரமும் கூடும் என்பது நம் நினைப்புதான். 2005-ல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் தொழிலில் வருஷம் ஏற ஏற டாக்டர்களின் செயல்பாடு இறங்கித்தான் இருந்தது. படித்து முடித்த காலத்து மருத்துவத்திலேயே நின்றுவிடுகிற ஆபத்து அது. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பது பழைய செய்தி. அதற்கும் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் எழுதுகிறவராக இருந்தால், எத்தனை வருஷப் பழக்கம் இருந்தாலும் யோசிக்க வேண்டியதுதான்.

அடுத்தது, நாலைந்து டாக்டர்கள் முறைவைத்து உட்காரும் கூட்டு கிளினிக். எந்த நேரத்திலும் யாராவது இருப்பார்கள், ரத்தப் பரிசோதனை அங்கேயே நடக்கும், பதிவு கம்ப்யூட்டரில் இருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் போகும்போதெல்லாம் புது முகம், போகும்போதெல்லாம் கதை முதலிலிருந்து. எங்கள் வீட்டில் ஒருவருக்கு இரண்டு வாரத்தில் இரண்டு டாக்டர்கள் வலி மாத்திரை எழுதினார்கள். பெயர்கள்தான் வேறு, உள்ளே இருந்த மருந்து ஒன்றே. மருந்துக்கடைக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லாமல் இருந்திருந்தால் இரட்டை அளவு உள்ளே போயிருக்கும். பதிவு கம்ப்யூட்டரில் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு: நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் இருக்கும் நாள் பார்த்தே போவது. அவசரத்துக்கு மட்டும் மற்றவர்கள்.

அரசு சுகாதார நிலையத்தைக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். தடுப்பூசி, கர்ப்பகாலக் கவனிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம் என வருஷக்கணக்கில் தொடர வேண்டியவற்றில் ஒழுங்காக நடக்கும் நிலையத்தை மிஞ்சுவது கஷ்டம். ஏனென்றால் அங்கே ஒரு பட்டியல் இருக்கும், வராதவரைத் தேடும் வழக்கமும் இருக்கும். வேல்ஸில் க்ளின்கோரூக் என்ற சுரங்கக் கிராமத்தில் ஜூலியன் டூடர் ஹார்ட் என்ற டாக்டர் செய்ததும் இதைத்தான்: உடம்புக்கு முடியாமல் வந்தவர்களோடு நிற்காமல், ஊரில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்தார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதியவரும் அவரே. நிலையத்தின் குறை, டாக்டர் மாற்றலாகிப் போய்விடுவார். அங்கே நாம் பழக வேண்டியது நர்ஸிடம்; அவர்தான் பெரும்பாலும் நிலைத்திருப்பார்.

போன், வீடியோ டாக்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பரிசோதனை முடிவைப் புரிந்துகொள்ள, பழைய மருந்தைத் தொடரலாமா என்று கேட்க நல்ல வழி. வயிற்றை அமுக்கிப் பார்க்கவோ நெஞ்சுச் சத்தத்தைக் கேட்கவோ திரையால் முடியாது. குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் போனைத் தொடாதீர்கள், ஆளிடம் போங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் போன் டாக்டர்தான் முதலிடம். சின்ன ஊரில் ரகசியம் நிற்பது கஷ்டம். வரவேற்பில் டோக்கன் கொடுக்கும் பெண் உங்கள் அடுத்த தெரு. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் காத்திருப்பவர் அண்ணனின் நண்பர். "என்ன பிரச்சினை?" என்று கூடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளும் கிளினிக்குகள் உண்டு. குடிப்பழக்கம், மனச்சோர்வு, கருத்தடை இவற்றையெல்லாம் அங்கே எப்படிச் சொல்வது? சொல்லாமலே தலைவலி மாத்திரையோடு திரும்பி வருவார்கள். அதனால் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய அறைக் கதவைப் பாருங்கள்: மூடுகிறதா, உள்ளே பேசுவது வெளியே கேட்கிறதா என்று.

நேரே நகரத்து ஸ்பெஷலிஸ்டிடம் போவது ஐந்தாவது வழி. நெஞ்செரிச்சலுக்கு இதய டாக்டரைப் பார்த்து, எல்லாப் பரிசோதனையும் முடித்து, "இதயத்தில் ஒன்றுமில்லை" என்று கேட்டுத் திரும்புவதில் போய் முடியும். நெஞ்செரிச்சல் அப்படியே இருக்கும்.

யாரைத் தேர்ந்தாலும், சாதாரண விஷயத்துக்காக ஒருமுறை போய்ப் பாருங்கள். பேச விடுகிறாரா? 1984-ல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார்கள். டாக்டர் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டிருந்தார். இன்னொன்றும் கேளுங்கள்: "நீங்க ஊர்ல இல்லாதப்ப நாங்க யாரைப் பார்க்கணும் டாக்டர்?" நான் அதிகம் நம்புவது இந்தக் கேள்வியைத்தான். பெயரும் இடமும் சட்டென்று வந்தால் நல்லது. "எங்கயும் போகாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்று வந்தால் எழுந்துவிடுங்கள். ஸ்கேனும் ஐசியுவும் பக்கத்தில் இல்லாத ஊரில், எப்போது நம்மை வெளியே அனுப்ப வேண்டும் என்று தெரிந்த டாக்டர்தான் நல்ல டாக்டர்.

எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் தனி டாக்டர், குழந்தைகளுக்குக் கூட்டு கிளினிக். மருந்துப் பெயர்களும் ஒவ்வாமையும் எழுதிய நோட்டு ஒன்று இரண்டு இடத்துக்கும் போகும். போன மாதம் அந்த டாக்டர், அடுத்த வருஷம் ஓய்வெடுக்கப்போவதாகச் சொன்னார். அப்பா முகம் சுண்டிப்போனது. அதே கேள்வியை அவரிடமே கேட்டோம். கூட்டு கிளினிக்கில் செவ்வாய்க்கிழமை உட்காரும் இளம் டாக்டரின் பெயரைச் சொன்னார். அப்பாவைப் பற்றி அவருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்துதான் இன்னும் எங்களுக்குப் படிக்க வரவில்லை.