மரணப் புத்தகமா, வாழ்க்கை வரலாறா?
பாடகர்களைப் பற்றிய புத்தகங்களில், டர்பனில் நம் சாட்ஸ்வர்த் வீடுகளில் கைமாறிக் கைமாறிக் கிழிவது அட்டையில் ‘மர்மம்’ என்று அலறும் மரணப் புத்தகங்கள்தான். வாழ்க்கை வரலாறுகள் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

தென்னாப்பிரிக்க ரெகே பாடகர் லக்கி டூபேயை 2007 அக்டோபர் 18 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் ரோசெட்டன்வில்லில் கார் கடத்த வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். 2009இல் மூவருக்கு ஆயுள் தண்டனை. இதில் மர்மம் எங்கே? வாழ்க்கை வரலாற்றுக்கு இது ஒரு பக்கம்; மீதியெல்லாம் அவர் ம்பகாங்கா என்ற உள்ளூர் இசையை விட்டு ஜமைக்காவின் ரெகேவுக்குத் தாவிய துணிச்சல். மரணப் புத்தகமோ அந்த ஒரு பக்கத்தையே இருநூறாக இழுக்கும்.

தென்னாப்பிரிக்கப் பாடகி பிரெண்டா ஃபாசி விஷயம் வேறு. 2004இல் அவர் இறந்தபோது முதலில் ஆஸ்துமா என்றார்கள். பிரேதப் பரிசோதனை கொக்கைன் என்றது. இப்படி மூடி மறைக்கும் இடத்தில் கிசுகிசுப் புத்தகத்துக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனாலும் காசு கொடுத்து வாங்குவதென்றால் வாழ்க்கை வரலாறுதான். மற்றதை இரவல் வாங்கிப் படியுங்கள்.