கடன் அறிக்கையைச் சரிசெய்து தருவதாகச் சொன்னவர்களிடம் 14,500 ரூபாயை இழந்தேன்

இன்று காலை அந்த மையத்தின் கதவு பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில், கடன் அறிக்கையில், அதாவது ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவில், உள்ள பிழைகளை நீக்கித் தருவதாகப் பலகை மாட்டியிருந்த ஆலோசனை மையம் அது. என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது.

செவ்வாய்ப்பேட்டையில் சிறிய கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். வெள்ளி விலை ஏறியதால் முதல் போதாமல் வங்கியில் கடன் கேட்டபோது, ஏதோ ஒரு கைப்பேசிச் செயலியில் நான் 11,240 ரூபாய் வாங்கிக் கட்டாமல் விட்டதாகவும், அது என் கடன் அறிக்கையில் ‘ரிட்டன் ஆஃப்’ (இனி வராது என்று கணக்கில் தள்ளிவைத்த கடன்) என்று பதிவாகியிருப்பதாகவும் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் செயலியை நான் கண்ணால்கூடக் கண்டதில்லை.

மையத்தில் இருந்தவர் அறிக்கையைக் கணினியில் திறந்து, அந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்து, “இதில் இருப்பது ஓசூர் முகவரி, இது உங்கள் கடன் இல்லை என்று பார்த்தவுடனே தெரிகிறதே அண்ணா, 45 நாளில் இந்த வரியே இருக்காது” என்றார். இரண்டு வாரமாக வங்கியில் யாரும் காதில் வாங்காததை அவர் ஒரு நிமிடத்தில் நம்பினார். அந்த நம்பிக்கைக்குத்தான் நான் விழுந்தேன். முதலில் 4,500, மறுவாரம் 10,000 கொடுத்தேன். ஆதார், பான் நகல்களோடு, கடன் அறிக்கையைப் பார்க்கும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லையும், கேட்டபோதெல்லாம் ஓடிபியையும் கொடுத்தேன்.

45 நாள் கழிந்ததும், மும்பைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த முறை சர்வர் வேலை செய்யவில்லை. அதற்கடுத்த முறை மேலாளர் ஏற்காட்டுக்குப் போயிருந்தார். நான்காம் முறை, ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற வரியைக் காட்டினார்கள். அண்ணா என்று அழைத்த அதே வாய், “சார், படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்” என்றது.

நேற்று இரவு மகளை உட்காரவைத்து அந்த இணையக் கணக்கைத் திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. அவர்கள் செய்திருந்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவு செய்யக்கூடிய ஆட்சேபணை ஒன்றே ஒன்று. அதையும், கடனே என்னுடையதல்ல என்று பதியாமல், நிலுவைத் தொகை தவறு என்று பதிந்திருந்தார்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனம் தொகை சரியே என்று பதில் அனுப்ப, ஆட்சேபணை முடித்து வைக்கப்பட்டுவிட்டது. அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் அறிக்கையில் ஒரு எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது என்பது மையத்துக்குத் தெரியாதா? தெரிந்தேதான் 14,500 ரூபாய் வாங்கினார்கள்.

விரிவாக வழி சொல்லத்தான் நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. இந்த அறிக்கைகளைத் தயாரிக்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், வாங்கிப் பாருங்கள். ஆட்சேபணையை நீங்களே பதியுங்கள், காரணத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடலாம். ஓடிபியை எவருக்கும் சொல்லாதீர்கள்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். கடன் என்னுடையதல்ல என்று புதிய ஆட்சேபணையும் பதிந்தாகிவிட்டது. இரண்டு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு இப்போது காவல் நிலையத்துக்குக் கிளம்புகிறேன்.