புது மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையதையே ஓட்டுகிறேன்

வண்டி 1978 மாடல் புல்லட் 350. பெரியப்பா ராணிப்பேட்டையில் வேலையில் இருந்தபோது வாங்கியது. அவருக்குப் பிறகு என் கைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. வீடு காட்பாடியில், வேலை சத்துவாச்சாரியில். தினமும் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி இதில்தான் போய் வருகிறேன். துடைத்துத் துணி போட்டு மூடிவைத்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டி இல்லை. அதனால் இங்கே சொல்வது எல்லாம் தினசரி ஓட்டுகிறவனின் கணக்கு.

வேகமும் ஓடிய கிலோமீட்டரும் காட்டுகிற ஸ்பீடோமீட்டர் கெட்டுப்போனால் ஸ்பேர் கடையில் முதலில் சொல்வது, "எதுக்கு சார் தலைவலி, புதுசு ஒண்ணு மாட்டிடுங்க" என்பதுதான். மாட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அதை வைத்து ஓட்டினேன். அப்புறம் பழைய மீட்டரைப் பழுது பார்த்து வாங்கி, அதையும் சில கோடை, சில ஐப்பசி மழை பார்க்கும் அளவுக்கு ஓட்டியாயிற்று. இரண்டையும் வைத்துப் பார்த்தால் பழையதன் பக்கம்தான் என் ஓட்டு. அதுவும் முள்ளுக்காக இல்லை, உள்ளே உருளும் கிலோமீட்டர் எண்களுக்காக.

பழைய புல்லட்டில் பெட்ரோல் முள் கிடையாது. டேங்க் மூடியைத் திறந்து ஆட்டிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வண்டி திக்கும்போது ரிசர்வில் திருப்பலாம். மற்றபடி கிலோமீட்டர் கணக்குதான் நம் பெட்ரோல் முள். எஞ்சின் ஆயில் மாற்றுவது, செயின் இறுக்குவது, டேப்பெட் பார்ப்பது எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான். வேகம் தெரியாமல் ஓட்டிவிடலாம். ஐம்பதில் போகும்போது எஞ்சின் என்ன சத்தம் போடும் என்பது ஓட்டுகிறவனின் காதுக்குத் தெரியும். ஆனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதை எந்தச் சத்தமும் சொல்லாது.

முதலில் வந்த அறிகுறி முள் ஆட்டம். கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்து போகும்போது முள் பத்துக்கும் நாற்பதுக்கும் நடுவே துள்ளும். கொஞ்ச நாள் கழித்து, பெங்களூர் ரோட்டில் பள்ளிகொண்டா டோல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது முள் மெதுவாக மேலே ஏறி, கடைசி எண்ணையும் தாண்டி முட்டி நின்றுவிட்டது. வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. கிலோமீட்டர் மட்டும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று கவனித்தாலே நோய் பாதி தெரிந்துவிடும். முள்ளும் எண்ணும் சேர்ந்து செத்திருந்தால் முன் சக்கரத்திலிருந்து மீட்டருக்கு வரும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது அதைச் சுற்றவைக்கும் சக்கரத்து டிரைவ் பல் தேய்ந்திருக்கும். எண் ஓடுகிறது, முள் மட்டும் படுத்துவிட்டது என்றால் கோளாறு மீட்டருக்குள். முள் ஓடி எண் மட்டும் நின்றால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரம் போயிருக்கும். முள் துள்ளினால் பெரும்பாலும் கேபிள் காய்ந்திருக்கும், அல்லது எங்கேயோ மடங்கியிருக்கும். என்னுடையதுபோல முள் மேலே போய் ஒட்டிக்கொண்டால் மீட்டருக்குள் எண்ணெயோ கிரீஸோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஏன் என்று புரிய மீட்டருக்குள் நடப்பது கொஞ்சம் தெரிய வேண்டும். கேபிள் சுற்றுவது ஒரு காந்தத்தை. காந்தத்தின் மேல் மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்திருக்கும், இரண்டும் தொடாது. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது கிண்ணத்தையும் கூடவே இழுக்கும். மயிரிழை மாதிரி ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். பழைய பிளஸ் டூ இயற்பியலில் சுழல் மின்னோட்டத்தின் பயன்கள் என்று ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் ஸ்பீடோமீட்டரும் இருந்தது ஞாபகம் வரலாம். ஓட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மானியர் 1902-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரும்பாலான கேபிள் மீட்டர்கள் இதே தத்துவத்தில்தான் ஓடுகின்றன. தொடாமல் இருக்க வேண்டிய காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே கிரீஸ் புகுந்தால், அந்தப் பிசுக்கே கிண்ணத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். முள் உச்சியில் முட்டி நிற்பது அதனால்தான்.

சரி, புது மீட்டர். பழையதைப் பார்த்து அச்சு அசலாகச் செய்தது. விலை ஆயிரத்தைச் சுற்றி. கம்பெனி பெயரெல்லாம் வேண்டாம், டப்பாவிலேயே ஒழுங்காக இல்லை. மாட்டுவது சுலபம். ஹெட்லைட்டைக் கழற்றி, கையை உள்ளே விட்டு, கேபிள் நட்டைத் தளர்த்தி, பிடிப்பானைக் கழற்றினால் பழையது வெளியே வந்துவிடும். கண்ணாடி பளபளவென்று, வெள்ளை எழுத்து கூர்மையாக, முதல் ஒரு வாரம் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்தான்.

அப்புறம் பெட்ரோல் கணக்கு உதைத்தது. மைலேஜ் திடீரென்று ஏறிவிட்ட மாதிரி காட்டியது. அந்த வயது எஞ்சின் தானாக மைலேஜ் கூட்டித் தராது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிபார்த்தேன். பத்துக் கல் தாண்டுவதற்குள் மீட்டரில் பதினொன்றுக்கு மேல் ஓடியிருந்தது. முள்ளும் அதே விகிதத்தில் கூடுதல். சீராக அறுபதில் போனால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக ஒரு நிமிடம் ஆக வேண்டும், ஐம்பதில் போனால் 72 விநாடி. கையில் கடிகாரம் இருந்தால் போதும், போனில் ஜிபிஎஸ் கூட வேண்டாம்.

முள்ளும் எண்ணும் ஒரே விகிதத்தில் தப்பாக இருந்தால் காந்தத்தையோ ஸ்பிரிங்கையோ குறை சொல்லிப் பயனில்லை. எண்களுக்கும் ஸ்பிரிங்குக்கும் சம்பந்தமே இல்லை, அவை பல்சக்கரத்தில் ஓடுகின்றன. அப்போது கேபிள் சுற்றுகிற கணக்கும் மீட்டர் எதிர்பார்க்கிற கணக்கும் வேறு வேறு. என் வண்டியின் முன் சக்கரம் 19 அங்குலம், டயர் 3.25. சுற்றளவு இரண்டு மீட்டரை ஒட்டி வரும், அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 சுற்று. அதைச் சக்கரத்து டிரைவ் எத்தனை மடங்காக்கிக் கேபிளுக்குக் கொடுக்கிறதோ, அதற்கென்று செய்த மீட்டர்தான் சரியாகக் காட்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு மாடலின் பல் கணக்கில் செய்த மீட்டர் என்றால் கடைசிவரை தப்பாகத்தான் ஓடும். முள்ளை நகர்த்தியெல்லாம் அதைச் சரிசெய்ய முடியாது. பதினெட்டு அங்குலச் சக்கரம் மாற்றியவர்களும் இதே தொல்லைப்படுவார்கள், சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும் என்பதால்.

அந்த வருஷ ஐப்பசியில் புது மீட்டரின் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. காலையில் கிளம்பும்போது ஒன்றும் தெரியாது, மதியம் வெயில் அடித்த பிறகுதான் எண் தெரியும். தை மாதத்தில் எண்களின் வெள்ளை லேசாக மஞ்சள் பூத்தது. கழற்றினேன்.

பழைய மீட்டரை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கும் பாயிடம் போனேன். லாரி மீட்டர், டாக்சி மீட்டர் பார்த்துப் பார்த்து வயதானவர். கடை என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை, ஒரு மேஜை, ஒரு விளக்கு, கண்ணில் செருகிக்கொள்ளும் வாட்ச்காரர் லென்ஸ் ஒன்று. மீட்டரைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். பின்பக்கத் துளையில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினார், கருப்பாக ஒட்டியது.

"மீட்டரு நல்லாத்தான் கீது தம்பி. எவனோ கேபிள்ல கிரீஸ ரொப்பி வச்சிகீறான். அது ஏறி உள்ள பூந்துச்சி."

"புதுசு போட்டேன் பாய், சரியில்ல."

"புதுசு இன்னாத்துக்கு? இத்த கழுவினா ஓடும்."

கேபிளின் உள்கம்பி முறுக்கிச் சுற்றியது. கீழே அளவுக்கு மீறிக் கிரீஸ் இருந்தால், சுற்றச் சுற்ற அந்த முறுக்கே மரை மாதிரி வேலை செய்து கிரீஸை மேலே ஏற்றும். வேலூர் மே மாதத்தில் வெயில் நாற்பதைத் தாண்டும்போது கிரீஸ் இளகி இன்னும் வேகமாக ஏறும். முன்பு சர்வீஸ் பார்த்த யாரோ தாராளமாகக் கொடுத்த கிரீஸ் அத்தனையும் மீட்டருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

மீட்டரைத் திறக்கிற வேலைதான் கஷ்டம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் குரோம் வளையம் பின்பக்கம் மடித்து அழுத்தியிருக்கும், ஸ்குரூ கிடையாது. பாய் நுனி மழுங்கிய சின்ன ஸ்குரூ டிரைவரால் ஓர் இடத்தில் இம்மியளவு நெம்பினார், பக்கத்தில் இம்மியளவு, அதற்குப் பக்கத்தில் இம்மியளவு. ஒரு முழுச் சுற்று வந்த பிறகும் வளையம் அசையவில்லை. இரண்டாம் சுற்று. அவசரப்பட்டு ஒரே இடத்தில் நெம்பினால் வளையம் நெளிந்துவிடும், அப்புறம் எத்தனை தட்டினாலும் மழைத் தண்ணீர் அந்த நெளிவு வழியாகத்தான் உள்ளே போகும். மூன்றாம் சுற்றில் கண்ணாடி கையோடு வந்தது. வேலை முடிந்து திரும்ப மூடும்போது சோமாசி ஓரம் மடிப்பதுபோல அதே ஓரத்தை விரலாலும் மரக்கட்டையாலும் அழுத்தி மடித்தார். நடுவில் புது ரப்பர் வளையம் வைத்தார்.

முள்ளை எடுப்பதற்கு முன்னால், அது தடுப்பு முளையைத் தாண்டி எங்கே போய் ஓய்கிறது என்று டயலில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். திரும்ப மாட்டும்போது அந்தப் புள்ளியில் வைத்தால்தான் வேகம் சரியாக வரும், பூஜ்யத்தில் நேராகக் குத்தினால் தப்பாகிவிடும். கிண்ணத்தையும் காந்தத்தையும் ஸ்பிரிட்டில் கழுவி, ஹேர் ஸ்பிரிங்கில் கைபடாமல் ஊதிக் காயவைத்து, அச்சில் வாட்ச் எண்ணெய் ஊசிமுனை அளவு வைத்தார். அந்த அளவுதான் அங்கே தேவை.

பிறகு டிரில் மிஷினில் கேபிள் துண்டு ஒன்றைச் செருகிச் சுற்றிப் பார்த்தார். கிலோமீட்டருக்கு 1000 சுற்று என்று கணக்கு வைத்த மீட்டராக இருந்தால், நிமிடத்துக்கு 1000 சுற்றில் முள் 60-ல் நிற்க வேண்டும். வேறு கணக்கு என்றால் அதற்கேற்ப. டிரில்லை எந்தப் பக்கம் சுற்றவிடுகிறோம் என்பதும் முக்கியம், எதிர்ப்பக்கம் சுற்றினால் முள் முளையில் போய் முட்டிக்கொள்ளும்.

நடுவில் ஒரு கேள்வி கேட்டார். "எண்ண சைபர் பண்ணிடட்டா?" வேண்டாம் என்றேன். பெரியப்பா ஓட்டியதும் அதில் இருக்கிறது. அது தவிர, பின்னால் வண்டியை விற்கிற நிலை வந்தால் அந்த எண் வாங்குகிறவரிடம் நான் சொல்லும் வார்த்தை. மீட்டர் படுத்திருந்த காலத்துக் கணக்கை நோட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

டயலுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும் சம்மதிக்கவில்லை. எழுத்து மங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் பகலில் படிக்க முடிகிறது. கடையில் கிடைக்கும் ஸ்டிக்கர்களில் எண்களின் இடைவெளி பழையதோடு ஒத்துப்போவதில்லை, முள் சரியாக நின்றாலும் நாம் படிப்பது தப்பாகிவிடும்.

இப்போதைய நிலை. கல்லுக்குக் கல் எண் சரியாக ஓடுகிறது. முள் அறுபதில் இரண்டு மூன்று கூட்டிக் காட்டுகிறது, குறைத்துக் காட்டாதவரை எனக்குக் கவலையில்லை. இருபதுக்குக் கீழே இன்னும் லேசாக நடுங்கும். ஏலகிரி பதினாலு வளைவும் ஏறி இறங்கியாயிற்று, ஜவ்வாது மலைப்பக்கம் மோசமான ரோட்டில் குலுங்கியும் பார்த்தாயிற்று, உள்ளே எதுவும் கழலவில்லை. மழையில் ஆவி படியவில்லை. ஒரே குறை, நெம்பிய இடத்தில் குரோம் உரிந்து துருப்புள்ளி வந்திருக்கிறது. பாய் வாங்கிய கூலி புது மீட்டர் விலையில் பாதிகூட இல்லை.

மீட்டரைச் சரிசெய்துவிட்டுப் பழைய கேபிளை அப்படியே மாட்டினால் கதை மறுபடி முதலிலிருந்துதான். உள்கம்பியை உருவி, துடைத்து, கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளம் காய்ந்தே இருக்கட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, கேபிள் எங்கேயும் ஒடிந்து வளைகிறதா என்று பாருங்கள். முன் சக்கரம் பஞ்சர் என்றால் கடைக்காரர் பக்கத்திலேயே நில்லுங்கள். டிரைவ் வளையத்தின் காதுகள் ஹப்பின் பள்ளத்தில் உட்காராமல் ஆக்சிலை இறுக்கினால் காது நசுங்கிவிடும். அதோடு மீட்டரும் நின்றுவிடும், பழி மட்டும் மீட்டர்மேல் விழும்.

போனையே மீட்டராக வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வில் போன் கேமரா கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்திருக்கிறது. சைக்கிளுக்கு விற்கும் டிஜிட்டல் மீட்டர் பரவாயில்லை. ஆரத்தில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் சென்சார், சக்கரச் சுற்றளவை மில்லிமீட்டரில் கொடுத்தால் துல்லியமாகவே காட்டும். பழையது பாயிடம் இருந்த நாட்களில் அதைத்தான் கட்டியிருந்தேன்.

அதே 2021-ல் ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு விண்டேஜ் பதிவு என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. என் வண்டிக்கும் அந்த வயது நெருங்குகிறது. ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடப் போவது, பராமரிப்பு என்று சிலதுக்குத்தான் அனுமதி. அதனால் நான் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டு போவதாக இருக்கிறேன்.

குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கம் இருப்பவர்கள் புல்லட் மெக்கானிக்கிடம் கேட்பதைவிட லாரிப் பட்டறையில் விசாரியுங்கள். பழைய மீட்டர் பார்க்கிறவர்களின் விலாசம் அங்கேதான் கிடைக்கும். போகும்போது மீட்டரை மட்டும் கொண்டுபோகாதீர்கள், கேபிளையும் கழற்றி எடுத்துப் போங்கள். உள்ளே போன கிரீஸ் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்வார்கள்.