மலையேறினால் வராத ஓடிபி: எஸ்எம்எஸ்ஸா, ஆதென்டிகேட்டர் ஆப்பா?

எங்கள் வீடு கம்பத்தில். வேலை மலைக்கு மேலே, கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுவது. காலையில் தொழிலாளர்களோடு ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறும்போது பாதி மலையில் தமிழ்நாட்டு டவர் போய்விடும். உச்சியில் கொஞ்ச நேரம் கேரள டவர் பிடிக்கும். தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் இரண்டும் இல்லை. காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பக்கத்து ஆபீஸ் அறையில் ஃபைபர் இணைப்பு இருப்பதால் கம்ப்யூட்டரில் நெட் நன்றாகவே ஓடும். எஸ்எம்எஸ் மட்டும் வராது. மெயிலுக்குப் பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடி, ஓடிபி வந்ததும் திரும்பி வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்திருக்கும். இரண்டு காய் எடுப்பு சீசன் இப்படிப் போன பிறகு, போன வருஷம் முடிந்தவரை எல்லாக் கணக்கையும், ஓடிபி எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றினேன். எனவே என் சாய்வு ஆப்பின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாஸ்வேர்டு மட்டும் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு வழிக்கும் தனியாகக் காசு இல்லை. எஸ்எம்எஸ்ஸுக்கு எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், ஆப்புக்கு ஒரு பத்து நிமிடம் உட்கார வேண்டும். இவை பெரிய விஷயம் இல்லை.

ஆப் எப்படி டவர் இல்லாமல் எண் தருகிறது என்று தோட்டத்தில் பலரும் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் திரையில் ஒரு கியூஆர் கட்டம் வருமே, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதை ஸ்கேன் செய்ததும் சாவியின் ஒரு பிரதி மெயில் நிறுவனத்திடமும், இன்னொன்று உங்கள் போனிலும் தங்கிவிடும். அப்புறம் இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அந்த நேரத்து மணியையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன. 30 விநாடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் மாறும். போன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, யாரும் எதையும் அனுப்புவதும் இல்லை. 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற பெயரில் வெளியான பொது முறை இது. அதனால் கூகுளின் ஆப், மைக்ரோசாஃப்ட்டின் ஆப், ஏஜிஸ் என எதைப் போட்டாலும் வரும் எண் ஒன்றுதான்.

கடிகாரத்தை நம்பி ஓடுவதால் கடிகாரம் பிசகினால் எண்ணும் பிசகும். ஒருநாள் திரும்பத் திரும்பத் தவறான எண் என்று வந்தது. தேடிப் பார்த்தால் போனில் நேரத்தைக் கையால் வைத்திருந்தேன், இரண்டு நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. தானியங்கி நேரத்துக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

எங்கள் தொழிலில் மெயிலைவிட அவசரமானது ஈ-வே பில், அதாவது சரக்கை வண்டியில் அனுப்பும்முன் ஜிஎஸ்டிக்காக ஆன்லைனில் எடுக்க வேண்டிய சீட்டு. முதலாளிக்கு ஏலக்காய் வியாபாரமும் உண்டு; மலையிலிருந்து கம்பத்துக்கோ போடிக்கோ சரக்கு இறங்கினால் அது மாநிலம் விட்டு மாநிலம். 50,000 ரூபாயைத் தாண்டினால் பில் வேண்டும். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனாலே 50 கிலோ மூட்டை ஒன்று அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். 2025 ஏப்ரல் 1 முதல் ஈ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் இரண்டாம் சரிபார்ப்பு கட்டாயம். ஜீப்பில் மூட்டை ஏற்றியாகிவிட்டது, டிரைவர் "பில் என்னாச்சுண்ணே?" என்று வாசலில் நிற்கிறார், ஓடிபி வரவில்லை. இப்படி எத்தனை சாயங்காலம்! அந்தத் தளமே எஸ்எம்எஸ், அரசின் சந்தேஷ் மெசேஜ் ஆப், ஆதென்டிகேட்டர் போலவே போனில் எண் தரும் என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்ட் ஆப் என்று மூன்று வழி தருகிறது. மூன்றாவதுக்கு டவரும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் மேட்டுக்கு ஓடிய நாட்களை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனாலும் டவரை வைத்து மட்டும் நான் முடிவெடுக்கவில்லை. மனதை மாற்றியது வேறொன்று: போன் எண் நம்முடையது இல்லை. மாதா மாதம் வாடகை கட்டும்வரைதான் அது நம் கையில் இருக்கும்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல். தமிழ்நாடு ஒரு தொலைத்தொடர்பு வட்டம், கேரளம் வேறு வட்டம். ரோமிங்குக்குக் காசு பிடித்த காலத்தில் கீழே ஒரு சிம், மேலே ஒரு சிம் என்று ஆளுக்கு இரண்டு வைத்திருந்தோம். 2015 ஜூலைக்கு முன்னால் வட்டம் மாறி எண்ணை எடுத்துப் போகவும் முடியாது. பிறகு ரோமிங் செலவு போய்விட்டது; இரண்டு சிம்முக்கும் ரீசார்ஜ் செய்வது தண்டம் என்று ஒன்றை விட்டுவிட்டவர்கள் இங்கே வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணைத் துண்டிக்கலாம். இருப்பில் 20 ரூபாய் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு இன்னும் 30 நாள் தள்ளுவார்கள். துண்டித்த எண் குறைந்தது 90 நாள் சும்மா கிடக்கும், பிறகு வேறொருவருக்குப் போகும்.

என் மச்சானுக்கு அதுதான் நடந்தது. குமுளியில் கடை வைத்திருந்தபோது வாங்கிய கேரள சிம்மைத்தான் மெயிலுக்குக் கொடுத்திருந்தார். கடையை மூடியதும் அந்த சிம்மையும் மறந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்துப் போன் உடைந்து, புதுப் போனில் மெயிலைத் திறந்தால், ஓடிபி பழைய எண்ணுக்குப் போய்விட்டது என்கிறது. அந்த எண்ணுக்கே போன் போட்டார். யாரோ ஒரு பெண் எடுத்தார். மச்சான் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் எல்லாம் விளக்கி, "அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க சேச்சி" என்று கெஞ்சியிருக்கிறார். "ஓடிபி ஆர்க்கும் கொடுக்கில்ல" என்று அவர் வைத்துவிட்டார். அவர் செய்தது சரி. மோசடிக்காரனும் இதே கதையைத்தான் சொல்வான். ஆனால் அந்தக் கணக்கில் மச்சானுடைய பத்து வருஷக் கடிதங்களும் ரசீதுகளும் கிடக்கின்றன. சாவி ஒரு அந்நியர் கையில், அது சாவி என்றுகூட அவருக்குத் தெரியாது.

சிம் தொலைந்தால் புதிது வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். வாங்கலாம். ஆனால் மோசடியாக சிம் மாற்றுவதைத் தடுப்பதற்காக, மாற்று சிம் எடுத்ததும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவைக்கும் விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் மிக அவசரமாக ஓடிபி தேவைப்படுவதும் அந்த ஒரு நாளில்தான்.

ஆப்புக்கு இந்தப் பராமரிப்பு இல்லை. ரீசார்ஜ் செய்யாவிட்டாலும் எண் வரும், சிம்மே இல்லாத பழைய போனிலும் வரும். ஆனால் அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதை விட்டால் எஸ்எம்எஸ்ஸைவிட மோசமாக மாட்டிக்கொள்வோம். போன் தண்ணீரில் விழுந்தால் சாவியும் போச்சு. கூகுளின் ஆப்பில் சாவிகளைக் கணக்கோடு சேமித்துவைக்கும் வசதி 2023 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் போனோடு எல்லாவற்றையும் இழந்தவர்கள் நிறைய. ஏஜிஸில் பூட்டிய பேக்கப் கோப்பாக எடுத்து வைக்கலாம், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். அதோடு ஜிமெயில் தரும் பத்து பேக்கப் கோடுகளையும் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எட்டு இலக்கம், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும்.

இன்னொரு வசதி, தோட்டம், கடை என்று இரண்டு இடத்தில் ஒரே மெயிலைப் பார்ப்பவர்களுக்கு. அந்த கியூஆர் கட்டத்தை ஒரே நேரத்தில் இரண்டு போனில் ஸ்கேன் செய்யலாம். தோட்டத்து மெயிலுக்கு முதலாளி போனிலும் என் போனிலும் ஒரே எண் ஓடுகிறது. முன்பு ஓடிபி அவர் போனுக்குப் போகும். அவர் கோயிலில் இருப்பார், அல்லது புற்றடியில் ஏலக்காய் ஏலம் விடும் இடத்தில் உட்கார்ந்திருப்பார். இப்போது ஒருவரை ஒருவர் கேட்க வேண்டியதில்லை.

எஸ்எம்எஸ்ஸை முழுக்கத் தள்ளவும் மாட்டேன். அம்மாவின் மெயிலுக்கு அதையே விட்டிருக்கிறேன். அவர் கம்பத்தை விட்டு எங்கும் போவதில்லை, அந்த எண்ணுக்கு நான்தான் ரீசார்ஜ் செய்கிறேன். வைஃபை காலிங் மூலமும் எஸ்எம்எஸ் வரும் என்பார்கள். என் போனில் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வேறு போனில் நன்றாக வரலாம். வங்கி விஷயத்தில் நமக்குத் தேர்வே கிடையாது, என் வங்கி இன்னும் எஸ்எம்எஸ்தான் அனுப்புகிறது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று ரிசர்வ் வங்கி அறிவித்த விதிகளில் வேறு முறைகளுக்கும் இடம் இருக்கிறது. ஒவ்வொரு வங்கியும் எப்போது மாறும் என்பது அவரவர் கையில்.

ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றே. போலிப் பக்கத்தில் நீங்களே எண்ணைத் தட்டினால், அது எஸ்எம்எஸ்ஸில் வந்ததா ஆப்பில் வந்ததா என்று திருடன் பார்ப்பதில்லை. அதற்கு, எண்ணுக்குப் பதில் போனின் விரல்ரேகையோ பூட்டோ கொண்டு திறக்கும் பாஸ்கீ மேல். அது அசல் தள முகவரியில் மட்டுமே திறக்கும், சொல்லிக் கொடுப்பதற்கு எண்ணே கிடையாது. கூகுள் 2023 மே மாதம் தன் கணக்குகளுக்கு அதைக் கொண்டுவந்தது. நான் மூன்று மாதமாக ஒரே ஒரு கணக்கில் வைத்திருக்கிறேன், விரல் வைத்தால் திறக்கிறது. போன் மாற்றும் நாள் எனக்கு இன்னும் வரவில்லை. அதைப் பார்க்காமல் முதலாளியின் கணக்கில் போட எனக்கு மனம் வரவில்லை.

மச்சான் புது மெயில் தொடங்கிவிட்டார். ஆப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன். பேக்கப் கோடு எழுதிய தாளை அக்கா வாங்கி, வீட்டுப் பட்டா இருக்கும் பையிலேயே வைத்து பீரோவைப் பூட்டினார்.